எல்லை இலுப்பை

தீர்ப்பு வந்த அடுத்த வாரமே கஜபதி மரம் அறுக்கிறவர்களைக் கூட்டி வந்துவிட்டான். தங்கை ஷோபனாவின் பங்காகக் கோர்ட்டு பிரித்துக் கொடுத்த பகுதி முழுக்க மாந்தோப்பு. அவர்களுடைய அப்பா வைத்து வளர்த்தது. கோர்ட்டு அமீனா வந்து நிலத்தை அவள் கையில் ஒப்படைப்பதற்குள் அத்தனை மரமும் லாரியேறிவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்திருந்தான். அறுக்க வந்தவர்களிடம் இன்னொன்றும் சொன்னான்.

"அடியோட அறுங்க. தரைக்கு மேல ஒரு சாண் கூட நிக்கக் கூடாது."

அவர்களில் ஒருவனுக்கு அது விளங்கவில்லை. இடுப்பு உயரம் விட்டு அறுத்தால்தானே பிறகு கட்டையில் சங்கிலி போட்டு இழுக்கத் தோதாக இருக்கும் என்று கேட்டான்.

"தோதா இருக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்," என்றான் கஜபதி.

ஒரே ஒரு மரத்தை மட்டும் அவனால் அப்படி அறுக்க முடியவில்லை. இருவர் நிலத்துக்கும் நடுவில் நின்ற இலுப்பை அது. அந்த மரத்தின் நடு மையத்தில்தான் எல்லைக்கோடு போகிறது என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதையும் விட மனசில்லாமல் நெஞ்சு உயரத்துக்கு மேல் அறுத்து எடுத்துக்கொண்டான். கீழே இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் மொட்டைக் கட்டை நின்றது.

அமீனாவோடு பஸ் இறங்கி வந்த ஷோபனா வரப்பில் ஏறிப் பார்த்தாள். நிழல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தட்டு தட்டாகக் கட்டைகள், தரையோடு தரையாக, பால் கசிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தன. இதுவரை மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த திருத்தணி மலை இப்போது பளிச்சென்று தெரிந்தது.

தன் பக்கத்து வரப்பில் கஜபதி நின்றான். "நெலம் கேட்டா, குடுத்துட்டேன். மரம் கேக்கலையே," என்று அமீனாவைப் பார்த்துச் சொன்னான். தங்கையைப் பார்க்கவில்லை.

ஷோபனாவுக்குக் கல்யாணமானது தொண்ணூற்றிரண்டில். பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்து மூன்று வருஷம் கழித்து; சட்டம் வந்த பிறகு கல்யாணமானவர்களுக்குத்தான் அந்தப் பங்கு. அப்பா இருந்தவரை அதை யாரும் பேசவில்லை. அவர் போன பிறகு அவள்தான் பேச்செடுத்தாள், அதுவும் தயங்கித் தயங்கி. கஜபதி முடியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பாள். ஆனால் அவன் ஒரு கிருத்திகை நாளில், மலைப்படியில் சொந்தக்காரர்கள் கூடி நின்ற இடத்தில், "எங்க பாவாவுக்கு ரயில்வே சம்பளம் பத்தலையாம், பொண்டாட்டியப் பிச்சைக்கு அனுப்பிகிறாரு," என்று உரக்கச் சொன்னான். அவள் புருஷன் பாலமுருகன் தலைகுனிந்து படியிறங்கினான். ஷோபனா சாமியைப் பார்க்காமலே கீழே வந்து, நேராக வக்கீல் வீட்டுக்குப் போனாள். வழக்கு முடிவதற்குள் இரண்டாயிரமாவது வருஷம் பிறந்துவிட்டது.

"வந்த நெலத்த அப்படியே வித்துட்டுப் போயிடலாம்," என்றான் பாலமுருகன். அவன் அரக்கோணத்துக்கு ரயிலில் போய் வேலை பார்த்துவிட்டு இரவு திருத்தணியில் வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவன். சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவன்.

"இந்தக் கோலத்துல யாரு வாங்குவா? எங்கண்ணந்தான் வாங்குவான். அதுக்குத்தான அறுத்தான்."

"அப்ப இன்னா பண்ணப் போற?"

"கட்டையெல்லாம் எடுத்துட்டு வேர்க்கடலை போடப் போறேன்."

சொன்னது சுலபம். ஊரில் மூன்று டிராக்டர் இருந்தது. ஒன்று கஜபதியுடையது. மற்ற இருவரும், "வேல ஜாஸ்தியா கீதும்மா," என்று சொல்லிவிட்டு வாசல் திண்ணையிலேயே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவள் பஸ் மாறித் திருவாலங்காட்டுப் பக்கம் போனாள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிக்கிற டிராக்டர்கள் அரவை முடிந்து சும்மா நிற்கிற காலம் அது. அங்கே பக்தவச்சலம் கிடைத்தான்.

நல்ல வார்த்தை ஒன்று அவன் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. நிலத்துக்கு வந்ததும் வண்டியை விட்டு இறங்கி, ஒரு கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"எவன்ம்மா இப்படி அறுத்தது?"

"எங்கண்ணன்."

"கூறு கெட்டவனா, இல்ல குசும்பு பிடிச்சவனா?"

"குசும்புதாங்க."

"அப்ப உனுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லிடறேன். நான் சொன்ன எடத்துல நீ நிக்கணும். ஏன், எதுக்குன்னு கேட்டுகினு நின்னா வண்டிய எடுத்துகினு போயிடுவேன். குடும்பச் சண்டைக்கெல்லாம் நான் ஆளு கெடையாது."

முதல் நாள் டிராக்டரை அவன் கிளப்பவே இல்லை. கட்டையைச் சுற்றிக் குழி தோண்டச் சொன்னான். கூலிக்கு வந்த இருவரோடு சேர்ந்து ஷோபனாவும் கடப்பாறை பிடித்தாள். பக்க வேர் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்ததும் கோடாரியால் வெட்டி எடுத்தார்கள். பிறகுதான் அடியில் ஒரு தடித்த வேருக்குக் கீழே சங்கிலியை நுழைத்துச் சுற்ற இடம் கிடைத்தது. மறுநாள் காலையில் சங்கிலியின் மறுமுனையை அவன் வண்டியின் பின்பக்கம் அடியில், தரைக்குக் கிட்டத்தில் இருந்த கொக்கியில் மாட்டினான். முன்பக்க பம்பரில் மண் மூட்டை கட்டினான். இறுக்கிய சங்கிலி மேல் ஈரச் சாக்கைப் போட்டான்.

"சாக்கு எதுக்குங்க?"

அவன் முறைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, சொன்னான். "சங்கிலி அறுந்தா பாம்பு மாதிரி பறந்து வரும். மூஞ்ச பேத்துடும். சாக்கு இருந்தா அந்த எடத்துலயே வுழும். போ அப்பால. இன்னும் போ. சங்கிலி எம்மாம் நீளமோ அதுக்கு ரெண்டு பங்கு தள்ளி நில்லு."

எல்லாவற்றையும் விட மெதுவான கியரில் வண்டி நகர்ந்தது. சங்கிலி விறைத்தது. அவன் வெடுக்கென்று இழுக்கவில்லை. கொஞ்சம் இழுப்பான், கிளட்ச்சை மிதித்து விடுவான், இறங்கி வந்து எந்த வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பான், வெட்டச் சொல்வான், திரும்ப ஏறுவான். நாலாவது தடவையில் கட்டை பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு புரண்டு எழுந்தது. வேர்மண்ணின் வாடை எங்கும் பரவியது. ஷோபனா தோண்டிப் போட்ட மண்ணை மிதித்துக்கொண்டு ஓடிப் போய்க் குழியை எட்டிப் பார்த்தாள்.

"சங்கிலியத் தளர்த்தறதுக்குள்ள இன்னா ஓட்டம்?" என்று கத்தினான் பக்தவச்சலம்.

எதிர் வரப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கஜபதி வேப்பங்குச்சியால் பல் தேய்த்தபடி நின்றான். "ஒரு கட்டைக்கு ஒரு நாளா? உன் பேரப்புள்ளதான் கடலை போடுவான்."

அன்றிலிருந்து அவன் தினமும் வந்து நின்றான். ஏதாவது ஒன்று சொல்லாமல் போகமாட்டான். "ரயில்வே பாவா எங்க, கொடி காட்ட வரலையா?" என்பான். வண்டி வரும் பாதையில் ஒரு நாள் முள் வெட்டிப் போட்டிருந்தது. இன்னொரு நாள் காலையில் அவர்கள் வந்தபோது நிலம் முழுக்கத் தண்ணீர் நின்றது. அவனுடைய பம்ப்செட் வாய்க்கால் இவள் பக்கம் வெட்டி விடப்பட்டிருந்தது. சேற்றில் டிராக்டரை இறக்க வழியில்லை.

ஷோபனா வரப்பிலேயே நின்று அழுதாள், ஆத்திரத்தில். பக்தவச்சலம் குழிக்குள் குனிந்து ஒரு வேரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு அழுவுற? மேல காயட்டும். கோடையில இந்த மண்ணு கல்லு மாதிரி இருந்துது. உங்கண்ணன் இலவசமா தண்ணி வுட்டுகிறான். வேரு லேசா வரும்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. மேல்மண் காய்ந்த பிறகு இறங்கினார்கள். முன்னைப் போல இரண்டு பங்கு வேகத்தில் கட்டைகள் வந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கஜபதியின் முகம் கறுத்தது. அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. காறித் துப்பிவிட்டுப் போனான்.

மாங்கட்டை எல்லாம் முடிந்து, எல்லை இலுப்பை மட்டும் நின்றது. பக்தவச்சலம் அதைச் சுற்றி வந்தான். வேரில் பாதி கஜபதியின் நிலத்துக்குள் ஓடியிருந்தது.

"அந்தப் பக்கத்து வேர வெட்டாம இதத் தொட முடியாது."

"இந்தப் பக்கம் மட்டும் வெட்டிட்டு இழுத்தா?"

"கட்டை வராது. வண்டிதான் மல்லாக்க வரும்." அவன் வெற்றிலையைத் துப்பினான். "கட்டை அசையாம புடிச்சிகினு, எஞ்சினும் வுடாம இழுத்தா, சக்கரத்துக்கு முன்னால போக வழியில்ல. அப்ப மூக்கத் தூக்கும். தூக்க ஆரம்பிச்சா சாமி பேரச் சொல்லக் கூட நேரம் இருக்காது. ஓட்டறவன் மேலயே கவுந்துடும். ஒருத்தன் அப்படிச் செத்தத நான் பாத்துட்டேன். போய் உங்கண்ணன் கிட்ட கேளு. சரின்னா செய்வேன். இல்லன்னா கெடக்கட்டும்."

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு ஷோபனா பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அண்ணி ஜெயம்மா கதவைத் திறந்தாள். இவளைப் பார்த்ததும் விலகி வழி விட்டாள். கஜபதி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்த எலுப்பக் கட்டைய எடுக்கணும். உன் பக்கத்துல நாலு வேரு வெட்டணும். வெட்டிட்டு மண்ண மூடிக் குடுத்துடறேன்."

அவன் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "என் மண்ணுல ஒரு வேரத் தொட்டாலும் வெட்டுவேன். வேர இல்ல."

"அப்ப சர்வேயர இட்டுகினு வந்து எல்லைக் கல்லு நட வேண்டியதுதான். கட்டைக்கு நடுவுல."

"கட்டை இருந்தாத்தான நடுவு?" என்றான் அவன். அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

அதன் அர்த்தம் அவளுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது புரிந்தது. கட்டையைப் பிடுங்கிக் குழியை மூடி உழுது விட்டால் நடு எங்கே என்று யார் சொல்வது? வரப்பு அவன் இஷ்டத்துக்கு நகரும். திரும்பவும் கோர்ட்டு, திரும்பவும் வருஷக்கணக்கு. அன்று மாலையே சர்வேயரைப் பார்த்து அவசரப்படுத்தினாள். வருகிற வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்தவச்சலம் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தான். தனியாகத்தான் பஸ் ஏறினாள். ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போதே டிராக்டர் உறுமுகிற சத்தம் கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

கஜபதி தன் நிலத்தில் வண்டியை நிறுத்தி, இலுப்பைக் கட்டையில் சங்கிலி சுற்றியிருந்தான். கட்டையைச் சுற்றி ஒரு கூடை மண் கூடத் தோண்டவில்லை. ஒரு வேர் வெட்டவில்லை. சங்கிலி டிரெய்லர் மாட்டும் கொக்கியில் இருந்தது. இழுத்தான். கட்டை அசையவில்லை; பின் சக்கரம் இரண்டும் வழுக்கி, மண்ணை வாரி இறைத்தது. திரும்பத் திரும்ப இழுத்தான். சக்கரம் பள்ளம் பறித்ததுதான் மிச்சம்.

அவன் கெட்ட வார்த்தை சொல்லியபடி இறங்கினான். சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றினான். கலப்பையின் மேல்கம்பி மாட்டுகிற இடத்தில், சீட்டுக்குப் பின்னால், சக்கரத்தின் அச்சுக்கும் மேலே அதை மாட்டினான். மேலே கட்டினால் பின் சக்கரம் நன்றாக அமுங்கும், வழுக்காது என்பது அவன் எண்ணம். அது உண்மையும்தான். வழுக்காது. வழுக்காததுதான் ஆபத்து.

ஷோபனா பார்த்துக்கொண்டே இருந்தாள். மனசில் முதலில் வந்தது அவளுக்கே பின்னாளில் சொல்ல விருப்பமில்லாத ஒன்று. இழுக்கட்டும் என்று தோன்றியது. மாமரம் ஒவ்வொன்றும் கண்ணில் வந்து போனது. மலைப்படியில் புருஷன் குனிந்த தலையும் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அது. அதற்குள் கால் நகர்ந்துவிட்டது.

"அண்ணா! மேல கட்டாத! வண்டி தூக்கும்!"

அவன் திரும்பிப் பார்த்தான். "தோ வந்துட்டா. நெனச்சேன்."

"கீழ மாட்டு! வேர வெட்டிட்டு இழு! கல்லப் பத்தி அப்பறம் பேசலாம், கீழ மாட்டுன்னா!"

"எனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நைனா வண்டிய ஓட்டறேன்."

"நான் பொய்யா சொல்றேன்? மேல கட்டினா—"

"கட்டை போயிட்டா உனுக்கு எல்லை போயிடும். அதான கத்தற? கத்து."

அவன் ஏறி உட்கார்ந்தான். கையால் இயக்குகிற ஆக்சிலேட்டரை முழுக்க இழுத்து விட்டான். எஞ்சின் அலறியது. இனிச் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். பத்தடி தூரம்கூட இல்லை. தன் மேல் ஏற்றமாட்டான் என்று அவள் நினைத்தாள்.

"நவுருடி!"

"நவுர மாட்டேன்."

"ஏத்திடுவேன்!"

"ஏத்து."

அவன் ஏற்றத்தான் செய்தான். கிளட்ச்சிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்தான். வண்டி நாலைந்து அடி முன்னால் பாய்ந்து, சங்கிலி விறைத்த இடத்தில் முட்டி நின்றது. பின் சக்கரம் இந்தத் தடவை வழுக்கவில்லை. முன் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. முதலில் முழங்கால் உயரம். அடுத்த கணம் அவள் நெஞ்சுக்கு எதிரே. சேறு ஒட்டிய டயர்கள் காற்றில் சுற்ற, வண்டியின் அடிவயிறு, எண்ணெய் ஒழுகும் கறுப்பு இரும்பு, அவள் கண்ணுக்கு நேராக வந்தது. அதற்கு மேலே, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, மல்லாந்து வானத்தைப் பார்த்த அண்ணன் முகம். அந்த முகத்தில் கோபம் எங்கோ போயிருந்தது. ஒன்றும் புரியாத முகம் அது.

"கிளட்ச்சு! கிளட்ச்ச மிதி!"

அவள் கத்தியது அவன் காதில் விழுந்ததா, இல்லை கால் தானாகப் போயிற்றா, யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. வண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு முன்பக்கம் தரையில் இடித்து விழுந்தது. அவள் பக்கவாட்டில் விழுந்து புரண்டிருந்தாள். முன் அச்சு ஒரு பக்கம் உடைந்து டயர் கோணிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் கஜபதியின் நெஞ்சில் மோதியிருந்தது.

அவன் கால் கிளட்ச்சில் அழுந்தியபடியே இருக்க, எஞ்சின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, பக்தவச்சலம் தினமும் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், டீசலை நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று எல்லாம் அடங்கியது. அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, கிழிந்த துணியை இழுக்கிற மாதிரி.

அவள் கையை நீட்டினாள்.

"தொடாத," என்றான் அவன்.

"தொடல. மெதுவா மூச்சு வுடு. பேசாத."

ஆட்களைக் கூப்பிட ரோட்டுக்கு ஓடினாள்.

விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. திருத்தணி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேச வாய் வந்ததும் கஜபதி போலீசுக்கு ஒரு வாக்குமூலம் கொடுத்தான். வேலை செய்துகொண்டிருந்த தன் வண்டிக்கு முன்னால் தங்கை வேண்டுமென்றே வந்து குதித்ததாகவும், அவளைக் காப்பாற்றச் சட்டென்று நிறுத்தியதில் வண்டி குலுங்கித் தனக்கு அடிபட்டதாகவும் அதில் இருந்தது.

அதைக் கேட்டதும் பாலமுருகனுக்கு முகம் வெளுத்தது. ஷோபனா சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் கடைசியில் இருமலில் போய் முடிந்தது.

தகவல் தெரிந்து வந்த பக்தவச்சலம் அவளைத் திட்டினான். "வண்டிக்கு முன்னால போய் நின்னியாமே. உனுக்கு அறிவு கீதா? அது எகிறி வுழுந்திருந்தா உன் மேலதான்." திட்டி முடித்துவிட்டு, "சங்கிலிய யாராச்சும் கழட்டினாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. வண்டி அப்படியேதான் நிக்குது."

"கழட்ட வுடாத. வரவங்க பாக்கட்டும்."

விசாரிக்க வந்த ஏட்டு வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். கட்டையிலிருந்து சீட்டுக்குப் பின்னால் மேலே ஏறியிருந்த சங்கிலி; பின் சக்கரம் பறித்த பள்ளம்; ஒரு வேரும் வெட்டாத கட்டை. அவரும் விவசாயக் குடும்பம்தான். "இந்த ஆளு உயிரோட கீறதே பெருசு," என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். வழக்கு அதற்கு மேல் நகரவில்லை. சர்வேயர் மட்டும், தகராறு அடங்கட்டும் என்று வருகிற தேதியைத் தள்ளி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஜெயம்மா ஷோபனாவின் வாடகை வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிற தூக்கு கையில் இருந்தது. உள்ளே வரவில்லை. உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததற்கும் வேண்டாம் என்று கை ஆட்டினாள்.

"அவரு படுத்துகினு இருக்கறப்பவே அந்தக் கட்டைய எடுத்துடு," என்றாள்.

ஷோபனாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "உங்க பக்கத்து வேரு, அண்ணி?"

"வெட்டிக்க. நான் நிக்கிறேன். சர்வேயரையும் இட்டுகினு வா. கல்ல நட்டுட்டு அப்பறமா கட்டைய எடு."

"அண்ணி—"

"அண்ணி கிண்ணின்னு குழையாத. உன்னப் பாவம்னு நெனச்சு வரல. நீ கோர்ட்டுக்குப் போன நாள்லேருந்து எங்க வூட்டுல ஒருத்தரும் நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னதில்ல. அந்தாளு எழுந்து வந்தா வேற வண்டிய வாடகைக்கு எடுத்துகினு வந்து திரும்பவும் அதையேதான் இழுப்பாரு. எனுக்குத் தெரியும். இழுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது." அவள் குரல் உடைந்தது; உடைந்ததற்காகவும் ஷோபனா மேல்தான் கோபப்பட்டாள். "இன்னா பாக்கற? நாளைக்கே ஆள வர வை."

ஜெயம்மா சம்மதித்துவிட்டாள் என்று கேட்டதும் மறுநாளே சர்வேயர் வந்தார். கட்டையின் நடு மையத்தை இரண்டு பக்கத்துச் சர்வே கல்லோடும் அளந்து குறித்துக்கொண்டு, கட்டைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் கோட்டின் மேல் ஒவ்வொரு கல் நட்டார். கட்டை போனாலும் கோடு போகாது. பிறகு பக்தவச்சலம், கஜபதியின் உடைந்த வண்டியைச் சங்கிலி கழற்றி ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, வேலையைத் தொடங்கினான். இரண்டு நிலத்திலும் ஆள் இறங்கித் தோண்டினார்கள். ஜெயம்மா தன் பக்கத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஷோபனா இந்தப் பக்கம் நின்றாள். இலுப்பை வேர் கோடாரியைத் திருப்பி அடித்தது. இரண்டு முழு நாள் ஆயிற்று வேர் வெட்டி முடிக்க.

கட்டை நெஞ்சு உயரம் நின்றது இப்போது உதவியது. சங்கிலியை அதன் மேல்பகுதியில் சுற்றி, வண்டியில் மட்டும் அடிக்கொக்கியில் மாட்டினான் பக்தவச்சலம். நீளமான சங்கிலி. மண் மூட்டை, ஈரச் சாக்கு, மெதுவான கியர். எல்லோரையும் துரத்தினான். ஜெயம்மாவையும். "எம்மா, உனுக்கு வேற தனியா சொல்லணுமா?" முதலில் இவள் பக்கம் இழுத்து அசைத்தான். ஏதோ ஒரு வேர் அடியில் பட்டென்று அறுந்த சத்தம் கேட்டதும் நிறுத்தினான். கோணம் மாற்றி இழுத்தான். திரும்ப நிறுத்தி, குழிக்குள் இறங்கி, ஆணிவேரை வெட்டச் சொன்னான். மத்தியானத்துக்கு மேல் இலுப்பை மெல்லச் சாய்ந்து, ஒரு பெரிய மிருகம் படுக்கிற மாதிரி படுத்தது. சத்தமே பெரிதாக இல்லை.

ஜெயம்மா குழியை எட்டிப் பார்த்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கஜபதி வீடு திரும்பியபோது ஆடி மாதம் பாதி போயிருந்தது. மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தது. ஷோபனா கடலை விதைத்துக்கொண்டிருந்தாள். அவன் நெஞ்சில் கட்டோடு, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று வரப்பு வழியே வந்தான். மூடிய குழிக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு கல்லைப் பார்த்தான். அடுத்த கல்லைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே கண்ணாலேயே கோடு இழுத்துப் பார்ப்பது தெரிந்தது. கோடு சரியாக இருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"யாரு என் பக்கத்துல வேரு வெட்டச் சொன்னது?"

"வூட்டுல போய்க் கேளு."

அவன் தாடை இறுகியது. கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

"போலீசுல நீ இன்னா சொன்ன?" என்றான்.

"நீ சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. வண்டிய அவங்களே பாத்தாங்க."

அவனுக்கு மூச்சு வாங்கியது. உட்கார வேண்டும் போலிருந்தது அவனுக்கு; ஆனால் அவள் எதிரில் உட்காரக் கூடாது என்று நின்றான். "நீ முன்னால வந்து நின்னது எல்லைக்குத்தான்," என்று கடைசியில் சொன்னான். "எனுக்காக இல்ல."

இழுக்கட்டும் என்று தோன்றிய அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"எதுக்கு வேணா இருக்கட்டும்," என்றாள். "கல்லத் தாண்டாம நில்லு. அங்க விதை போட்டுகிறேன்."

அவன் குனிந்து பார்த்தான். ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. எடுத்துக்கொண்டான்.

பிறகு திரும்பி, வந்த வழியே, நின்று நின்று நடந்தான். அவள் விதைத்துக்கொண்டே போனாள். உழவுச் சாலின் கடைசி வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவன் வரப்பில் பாதி தூரம்தான் போயிருந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் கூப்பிடவில்லை. ஆனால் அவன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைகிற வரை அடுத்த சாலில் இறங்கவும் இல்லை.